தன் பேரில் ஒரு தேசம்

தங்கையின் கணவர் இறந்துபோனார் என்று தந்தி வந்த அன்று ஜெயலக்ஷ்மி வாய்விட்டு அழுதாள். அதில் பொய் எதுவும் இல்லை. சந்திரமௌலி நல்ல மனுஷர். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா தேசத்தில், எண்டோலா என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். வகுப்பில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். குழந்தை கிடையாது. அத்தனை தூரத்தில் காமாக்ஷி தனியாக என்ன செய்கிறாளோ என்று நினைக்க நினைக்க ஜெயலக்ஷ்மிக்கு மனசு ஆறவில்லை.

மூன்றாம் நாள் மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, தன் மனசு லேசாக இருப்பதை அவள் கவனித்தாள். ஏன் என்று யோசித்தாள். காரணம் புரிந்ததும் ஈரப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். இனிமேல் காமாக்ஷியைப் பார்த்து வயிறெரிய வேண்டியதில்லை. அதுதான் காரணம்.

பள்ளிக்கூடத்தில் ஜெயலக்ஷ்மிதான் கெட்டிக்காரி. எஸ்.எஸ்.எல்.சி.யில் அந்தப் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். காமாக்ஷி இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினாள். ஆனால் ஜெயலக்ஷ்மிக்கு மௌண்ட் ரோடு இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா சுவாமிநாதன் வாய்த்தார். காமாக்ஷிக்கு ஆப்பிரிக்கா போகிற வாத்தியார் வாய்த்தார். அறுபத்துநாலில் அவள் கப்பல் ஏறியபோது, "பாவம், காட்டுக்குப் போறா" என்று சொல்லி மூக்கைச் சிந்தியவர்களில் ஜெயலக்ஷ்மியும் ஒருத்தி. அந்தப் பரிதாபம் நாலு வருஷம் தாங்கியது.

அறுபத்தெட்டில் காமாக்ஷி லீவில் வந்தாள். நைலக்ஸ் புடவையும் சுவர்க் கடிகாரமும் கொண்டுவந்தாள். அதெல்லாம் ஜெயலக்ஷ்மியை ஒன்றும் செய்யவில்லை. ஒருநாள் அடையாறு காந்தி நகரில் இருக்கும் அண்ணா கல்யாணராமனின் காரை எடுத்துக்கொண்டு காமாக்ஷி தானே ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினாள். "வாக்கா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றாள். லஸ் முனையில் கியர் மாற்றித் திரும்பும்போது போக்குவரத்துப் போலீஸ்காரன் கையைக் காட்ட மறந்து பார்த்தான். காமாக்ஷி ஜன்னல்மேல் ஒரு முழங்கையை வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால், ஏதோ தோசை திருப்புகிற மாதிரி அலட்சியமாக ஓட்டினாள்.

"எப்படிடி கத்துண்டே?"

"அங்க பஸ்ஸெல்லாம் கிடையாதுக்கா. கத்துக்கலேன்னா ஆத்துக்குள்ளயே அடைஞ்சு கிடக்கணும்."

பின் ஸீட்டில் மடியில் கத்தரிக்காய்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜெயலக்ஷ்மி, அன்றைக்குத் தங்கையின் அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து இறங்கியபோது தலைவலி என்று படுத்துவிட்டாள்.

அடுத்த லீவில் வந்தபோது காமாக்ஷி, எண்டோலாவில் அந்த ஊர்ப் பெண்மணி ஒருத்தியோடு சேர்ந்து குழந்தைகளுக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தாள். அந்த ஊர்ப் பாஷையான பெம்பாவில் பாட்டுப் பாடிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயலக்ஷ்மி, தோய்த்த துணியை எடுக்க வேண்டும் என்று சொல்லி மாடிக்குப் போய்விட்டாள்.

இப்போது அதெல்லாம் முடிந்துவிட்டது.

சந்திரமௌலியின் வருஷாப்திகத்துக்காக எழுபத்தைந்து ஏப்ரலில் காமாக்ஷி வந்தாள். மேற்கு மாம்பலத்தில் இருந்த அவருடைய தம்பி காரியங்களைச் செய்தார். அது முடிந்ததும் ஜெயலக்ஷ்மி பிடிவாதமாகத் தங்கையைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். பக்கத்து அறையில் இருந்த தையல் மிஷினையும் பழைய பாத்திரங்களையும் வெளியே எடுத்து, சுண்ணாம்பு அடித்து, புது மெத்தை போட்டு வைத்திருந்தாள். நெற்றி வெறுமையாக, வெளிர் நீலப் புடவையில் நின்ற காமாக்ஷியைப் பார்த்தபோது ஜெயலக்ஷ்மிக்கு அவள்மேல் பொங்கிப் பொங்கி அன்பு வந்தது. இவ்வளவு அன்பு தனக்குள் இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம்.

அந்தக் கோடையில் மெட்ராஸில் தண்ணீருக்குப் பறந்தார்கள். லாரி வந்தால்தான் தண்ணீர். அந்த நாளிலும் ஜெயலக்ஷ்மி தங்கைக்கு வேண்டும் என்று தனியாக ஒரு அண்டாவில் தண்ணீர் பிடித்து வைத்தாள். பொரிச்ச கூட்டும் மோர்க்குழம்புமாகச் சமைத்துப்போட்டாள். மந்தைவெளியில் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்துக்குத் தானே நடையாய் நடந்து, தங்கைக்கு வேலை கேட்டு வைத்தாள்.

"ஜூன்ல சேர்ந்துக்கலாம்னுட்டா. ஆத்துலேர்ந்து நடந்தே போயிடலாம்" என்றாள்.

"எதுக்குக்கா இவ்வளவு சிரமப்படறே" என்றாள் காமாக்ஷி. வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஜெயலக்ஷ்மி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காமாக்ஷி சொன்னாள்:

"அத்திம்பேர், ஜூன் கடைசியில எனக்குப் பம்பாய்க்குப் பிளேன் டிக்கெட் போடணும். அங்கேர்ந்து வேற பிளேன்."

சுவாமிநாதன் நிமிர்ந்தார். "எங்க போறே?"

"ஊருக்கு. எண்டோலாவுக்கு."

"சாமான் செட்டெல்லாம் எடுத்துண்டு வரவா?"

"இல்லை. அங்கயே இருக்கறதுக்கு." காமாக்ஷி சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். "எனக்கு அங்க சிட்டிசன்ஷிப் கொடுக்கறேன்னு சொல்லிட்டா. பத்து வருஷத்துக்கு மேல தொடர்ந்து அங்கயே குடியிருந்தா கேக்கலாம். கேட்டேன். போர்டு முன்னாடி கூப்பிட்டு உக்காத்தி வெச்சு விசாரிச்சா. ஜூலைல போய் சத்தியப் பிரமாணம் பண்ணணும்."

ஜெயலக்ஷ்மிக்கு முதலில் புரியவில்லை. "அப்படின்னா?"

"அப்படின்னா நான் அந்த தேசத்துக்காரி ஆயிடுவேன்க்கா. இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துடணும். ரெண்டும் வெச்சுக்க முடியாது."

"அம்மா அப்பா பொறந்த தேசம் வேண்டாமா உனக்கு?" என்று கேட்டார் சுவாமிநாதன். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

காமாக்ஷி யோசித்துத்தான் பதில் சொன்னாள். "அவர் இருந்த வரைக்கும் நான் அங்க அவர் பேர்லதான் இருந்தேன், அத்திம்பேர். அவர் வேலைக்குக் கொடுத்த வீடு, அவருக்குக் கொடுத்த அனுமதி. என்னை 'வாத்தியார் சம்சாரம்'னு எழுதியிருப்பா. அவர் போன மறுமாசமே, நீ எந்தக் கணக்குல இங்க இருக்கேன்னு ஆபீஸ்லேர்ந்து கேட்டா. கேட்டது நியாயந்தான். அப்போதான் தோணித்து, இனிமே இருந்தா என் பேர்ல இருக்கணும்னு."

"போர்டுல என்ன கேட்டா?" என்றார் சுவாமிநாதன்.

"உனக்கு இங்க யார் இருக்கான்னு கேட்டா. என் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் இருக்கான்னேன். அதுல ஒரு பெரியவர் பெம்பாவுல கேட்டார், 'உங்க ஊர்ல உன்னை அழைச்சுக்க யாரும் இல்லையா'ன்னு. அக்கா இருக்கா, அண்ணா இருக்கான், ரெண்டு பேரும் கூப்பிடுவா, ஆனா அங்க போனா நான் விருந்தாளிதான்னு பெம்பாவுலயே சொன்னேன். அவர் சிரிச்சுட்டார்."

சுவாமிநாதன் மெதுவாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் மரியாதை இருந்தது. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் தன்னைப் பார்த்து அவர் அப்படித் தலையாட்டியதாக ஜெயலக்ஷ்மிக்கு ஞாபகம் இல்லை.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். ரசப் பாத்திரத்தைத் திறந்தாள். இத்தனை நாள் அணைந்திருந்தது மறுபடியும் பற்றிக்கொண்டுவிட்டது. முன்பாவது, நல்ல புருஷன், நல்ல சம்பளம், அதனால் அவளுக்கு எல்லாம் கிடைக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இப்போது புருஷனும் இல்லை. பொட்டும் பூவும் இல்லை. எதுவுமே இல்லாமல் அவளுக்கு ஒரு தேசம் கிடைக்கிறது. அதுவும் அவள் பேரிலேயே. ரேஷன் கார்டு சுவாமிநாதன் பேரில், காஸ் அவர் பேரில், வீட்டு வாடகை அவர் பேரில். பால் பூத்காரன்கூட இவளை 'சுவாமிநாதன் ஊட்டம்மா' என்றுதான் கூப்பிடுகிறான். பள்ளியிலே முதலாவதாக வந்தவள் நான், என்று ஜெயலக்ஷ்மி ரசத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். தாலி இல்லாத தங்கையைப் பார்த்துத் தாலி இருக்கிற அக்காவுக்குப் பொறாமை என்றால் யாரிடம் சொல்வது?

மறுநாள் அவள் பஸ் பிடித்து அடையாறுக்குப் போனாள்.

அண்ணா கல்யாணராமன் மத்திய சர்க்காரில் அதிகாரி. வீட்டில் அவர் சொன்னது சொன்னதுதான். காமாக்ஷி போவதாகச் சொல்கிறாள் என்றதும் அவர், "போனா போகட்டும். அவளுக்கு எங்க பிடிக்கறதோ அங்க இருக்கட்டும்" என்றார். ஜெயலக்ஷ்மி இதை எதிர்பார்க்கவில்லை. வந்த வேலை கைநழுவிப் போகிறதே என்ற பதற்றத்தில் அவள் வாயில் அது வந்துவிட்டது.

"அது மட்டும் இல்லைண்ணா. அங்க முலெங்கான்னு ஒரு ஹெட்மாஸ்டர் இருக்கானாம். பேச்சுக்குப் பேச்சு அவன் பேர்தான் வரது. எனக்கென்னவோ நன்னாப் படலை."

கல்யாணராமன் பேப்பரைக் கீழே வைத்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் ஜெயலக்ஷ்மிக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தி பஸ் திரு.வி.க. பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் இருந்தது. பிறகு பயம் வந்தது. மந்தைவெளியில் இறங்கித் திரும்பப் போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். இறங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் கல்யாணராமன் வந்தார். நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"காமு, உன் பாஸ்போர்ட்டை எடுத்துண்டு வா, பாக்கறேன்."

டிக்கெட் விஷயமாக இருக்கும் என்று நினைத்து காமாக்ஷி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் தன் தோல் பையில் போட்டு மூடினார்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். நீ எங்கயும் போகல்லை."

"ஏன்?"

"யாரு அந்த முலெங்கா?"

காமாக்ஷி அண்ணாவைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்தாள். அந்தப் பேரை அவள் இந்த ஊரில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள்.

"அவருக்கு அறுபது வயசு அண்ணா" என்றாள் கடைசியில். "இவர் கிளாஸ்ல விழுந்தப்போ தூக்கிண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர். எனக்கு மூணு நாள் சாப்பாடு அவர் ஆத்துலேர்ந்து வந்தது. அவர் சம்சாரம் எம்பக்கத்துல படுத்துண்டா."

"நீ எது சொன்னாலும் நான் நம்பணுமா?" என்றார் கல்யாணராமன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் தெருவில் தண்ணீர் லாரி வந்தது. அக்காவும் தங்கையும் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். இருவரும் முந்தின நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. முறை வந்தபோது ஜெயலக்ஷ்மி குழாயை விட்டுவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா, தூங்கிக்கினு கீறியா? கொடத்த வை, பின்னால எம்மாம் பேரு நிக்கிறாங்கோ" என்று லாரிக்காரன் சத்தம் போட்டான்.

காமாக்ஷிதான் குடத்தை எடுத்து வைத்தாள். நிரம்பியதும் தூக்கிக்கொண்டு வீட்டு நடைக்கு வந்து இறக்கினாள். பின்னாலேயே வந்த அக்காவிடம் கேட்டாள்:

"ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

"நான் என்ன சொன்னேன்?"

"அக்கா."

ஜெயலக்ஷ்மி குடத்தை நங்கென்று வைத்தாள். தண்ணீர் சிந்தியது. "ஆமாம், நான்தான் சொன்னேன். என்ன இப்போ? உனக்கு மெத்தை போட்டேன், வேலை பார்த்துக் கொடுத்தேன், தண்ணி சுமந்தேன். விருந்தாளியாம், விருந்தாளி! நீ ஏன் எப்பவும் எனக்கு ஒரு படி மேலயே நின்னுண்டிருக்கே? உன் ஆம்படையான் போனப்புறம் கூடவா? என்னால பார்த்துண்டு இருக்க முடியலைடி. வயிறெரியறது."

தங்கை திட்டுவாள், அழுவாள், 'எனக்கு மட்டும் உன்மேல பொறாமை இல்லையா, உனக்குப் புருஷன் இருக்காரே' என்று திருப்பிச் சொல்லுவாள் என்று காத்திருந்தாள். அப்படிச் சொன்னால் கட்டிக்கொண்டு அழுதுவிடலாம் என்றுகூட இருந்தது.

காமாக்ஷி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "எனக்கு உன்மேல ஒருநாளும் பொறாமை வந்ததில்லைக்கா" என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஜெயலக்ஷ்மிக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பொறாமைப்படும்படி தன்னிடம் ஒன்றுமே இருந்ததில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி அடையாறுக்குப் போனாள். "நான் சொன்னது பொய்ண்ணா. அப்படி ஒண்ணுமே இல்லை. பாஸ்போர்ட்டைக் கொடுத்துடு" என்றாள்.

கல்யாணராமன் நம்பவில்லை. "தங்கை அழுதிருப்பா, உனக்கு மனசு இளகிடுத்து. முதல்ல சொன்னதுதான் நிஜம்" என்றார். ஜெயலக்ஷ்மி சத்தியம் பண்ணினாள். சத்தியம் பண்ணப் பண்ண அவருக்குச் சந்தேகம் இன்னும் கெட்டியாகிக்கொண்டே போனது. மன்னி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தக் கறுப்பன் எங்கயாவது இங்க வந்து நிக்கப்போறானா?" என்று கவலையோடு கேட்டாள்.

ஜூன் கடைசி வாரம் நாட்டில் அவசரநிலை வந்தது. ரேடியோவில் சொன்னார்கள். ஆபீஸ்களில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். யார்மேல் யார் மொட்டைக் கடிதாசு போடுவார்களோ என்று அதிகாரிகள் தூங்கவில்லை. அந்த வாரம்தான் காமாக்ஷி, "அண்ணா ஆத்துக்குப் போறேன். நீயும் வா" என்று அக்காவைக் கூப்பிட்டாள். ஜெயலக்ஷ்மி போனாள்.

காமாக்ஷி கூடத்தில் அண்ணாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணா, அந்தப் பாஸ்போர்ட் உன் சொத்தும் இல்லை, என் சொத்தும் இல்லை. சர்க்கார் சொத்து. நீ தரலேன்னா நான் இங்கேர்ந்து நேரா அடையாறு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன். ஒரு சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஆபீஸர் என்னோட பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வெச்சிண்டிருக்கார்னு எழுதிக் கொடுப்பேன். இந்தச் சமயத்துல அது எங்கெங்க போகும்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

கல்யாணராமன் எழுந்துவிட்டார். "கூடப்பிறந்தவனை மிரட்டறியா?"

"ஆமாம்."

அவர் உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து டீப்பாயின் மேல் அதை எறிந்தார்.

"எடுத்துக்கோ. இனிமே இந்த ஆத்து வாசப்படி ஏறாதே. எனக்கு ஒரே தங்கைதான்னு நினைச்சுக்கறேன்."

காமாக்ஷி பாஸ்போர்ட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவுமில்லை, அழவுமில்லை. அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம் பண்ணினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படியிறங்கும்போது மட்டும் அவள் கால் ஒரு தடவை தடுமாறியது. ஜெயலக்ஷ்மி கையை நீட்டினாள். காமாக்ஷி பிடித்துக்கொள்ளவில்லை.

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போதும் அத்திம்பேரிடம்தான் பேசினாள். அக்காவிடம் "வரேன்" என்றாள். அவள் நிமிர்ந்து நடந்துபோவதைப் பார்த்தபோது, இவ்வளவுக்கும் பிறகு, தன் வாயால் அவளுக்கு ஒரு அண்ணாவை இல்லாமல் பண்ணிய பிறகும்கூட, ஜெயலக்ஷ்மிக்கு வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் இருக்கத்தான் செய்தது. தன்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஜூலையில் சத்தியப் பிரமாணம் ஆகிவிட்டது என்று சுவாமிநாதன் பேருக்கு நாலு வரி வந்தது.

மூன்று வருஷம் காமாக்ஷி வரவில்லை. எழுபத்தெட்டில் வந்தாள். சென்னையில் குழந்தைப் பள்ளிக்கூடங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்பதற்காக, அவளோடு பள்ளி நடத்துகிற திருமதி முவான்சாவும் கூட வந்திருந்தாள். இருவரும் தி.நகரில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். ஜெயலக்ஷ்மி அங்கே போய் நின்று, ஒருவேளையாவது வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்று கூப்பிட்டாள். காமாக்ஷி முவான்சாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, "சரி" என்றாள்.

சாப்பிடும்போது காமாக்ஷி லாட்ஜ் கதையைச் சொன்னாள். "மானேஜர் என் மூஞ்சியைப் பார்த்து, 'வாங்கம்மா, எந்த ஊரு'ன்னார். பாஸ்போர்ட்டை நீட்டினேன். உடனே 'எஸ் மேடம், ப்ளீஸ் சிட்'னு ஆரம்பிச்சுட்டார். அப்புறம் நான் தமிழ்ல கேட்டாலும் இங்கிலீஷ்லதான் பதில்!" சுவாமிநாதன் விழுந்து விழுந்து சிரித்தார்.

முவான்சா பருமனான, வாய் நிறையச் சிரிக்கிற பெண்மணி. வாழையிலையில் ரசம் ஓடுவதைக் கையால் அணைகட்டிப் பிடித்தாள். பேச்சுக்கு நடுவில் காமாக்ஷியின் தோளைத் தட்டி, "மை சிஸ்டர், மை சிஸ்டர்" என்றாள். காமாக்ஷி பெம்பாவில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். காமாக்ஷி அப்படிச் சிரித்து ஜெயலக்ஷ்மி பார்த்ததே இல்லை. சின்ன வயசில்கூட இல்லை.

மறுபடியும் வயிறு எரிந்தது. ஆனால் இந்தத் தடவை எரிச்சல் காமாக்ஷிமேல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைத் தட்டுகிற அந்தக் கைமேல்.

முவான்சா ஜெயலக்ஷ்மியைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"உன்னை எப்படிக் கூப்பிடணும்னு கேக்கறா. அக்கான்னு கூப்பிடச் சொல்லட்டுமா?" என்றாள் காமாக்ஷி.

"வேண்டாம்" என்றாள் ஜெயலக்ஷ்மி. "ஜெயான்னு கூப்பிடட்டும். என்னை அக்கான்னு கூப்பிட நீ ஒருத்தி போறும்."

காமாக்ஷி அவளை நிமிர்ந்து பார்த்தாள். மீனம்பாக்கத்துக்குப் பிறகு நேராக முகத்தைப் பார்த்தது அப்போதுதான். பிறகு முவான்சா பக்கம் திரும்பி மொழிபெயர்த்தாள். முவான்சா கையை உதறிச் சிரித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னாள்.

"என்னடி சொல்றா?"

"உங்கக்காவுக்குப் பொறாமை ஜாஸ்தின்னு சொல்றா."

"ஆமாம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, ஜெயலக்ஷ்மி மோர் கொண்டுவர எழுந்து போனாள்.